கணினிப் பொருளின் ஆயுள்: லிஸ்ப் முதல் சர்வர்லெஸ் வரை

தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகப் பிணைத்த நிரல் அலகே கணினியியலில் பொருள் எனப்படுகிறது. ஆஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் அது தெளிவான வடிவம் பெற்றது. எந்தச் சுட்டும் எட்டாத நினைவகப் பகுதிகளைக் கணினியே கண்டறிந்து மீட்கும் குப்பை சேகரிப்பு முறையை ஜான் மெக்கார்த்தி 1960ஆம் ஆண்டின் லிஸ்ப் கட்டுரையிலேயே விளக்கியிருந்தார். ஒரே கணினிக்குள் பொருளின் முடிவைத் தீர்மானிக்க அது போதுமானதாக இருந்தது.

பொருள் ஓரிடத்திலும் அதை அழைக்கும் நிரல் வேறிடத்திலும் இயங்கத் தொடங்கியபோது இந்த உறுதி குலைந்தது. 1990களில் வந்த மைக்ரோசாஃப்டின் டிகாம் அமைப்பில், அழைக்கும் கணினி 2 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்க வேண்டும். தொடர்ந்து 3 அறிவிப்புகள் தவறினால் அது வைத்திருந்த சுட்டுகள் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்பட்டன. ஜாவாவின் ஆர்எம்ஐ அமைப்போ, இயல்பாக 10 நிமிடக் குத்தகை வழங்கி, அது புதுப்பிக்கப்படாவிட்டால் உரிமையை நீக்கியது. இரண்டுமே மௌனத்தை முடிவாகக் கருதின. ஆனால் இணைப்பு அறுந்தாலும் அதே மௌனம்தான் நிலவும் என்பதால், இவை தந்தது விடையன்று, காலக்கெடு மட்டுமே.

பொருள் எப்போது முடிகிறது என்ற கேள்வியையே மாற்றியமைத்த பெருமை மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தின் ஆர்லியன்ஸ் திட்டத்தைச் சாரும். 2012இல் வெளியான ஹேலோ 4 விளையாட்டின் மேகச் சேவைகளைத் தாங்கிய இத்திட்டத்தில், கிரெயின் எனப்படும் பொருளை எவரும் படைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை. அதன் அடையாளம் என்றும் நிலைத்திருக்க, அழைப்பு வரும்போது ஏதேனும் ஒரு சர்வரில் நினைவகத்துக்கு ஏற்றப்பட்டு, நெடுநேரம் வேலையின்றி இருந்தால் இறக்கப்படுகிறது. வன்தட்டில் உள்ள பக்கத்தைத் தேவைக்கேற்ப நினைவகத்துக்குக் கொணரும் மெய்நிகர் நினைவகத்தின் உத்தியே இங்குப் பொருள்களுக்கு விரிவாக்கப்பட்டது. இது கணினியியலின் மிக அழகிய எளிமையாக்கங்களுள் ஒன்று.

2014இல் அமேசான் அறிவித்த லாம்டா, சர்வர் பராமரிப்பை நிரலாளரிடமிருந்து விலக்கிய சர்வர்லெஸ் முறையைப் பரவலாக்கியது. எனினும் அழைப்புகளுக்கிடையே நிலையை, அதாவது நினைவில் வைக்கவேண்டிய தரவை, அது காத்துத் தருவதாக உறுதியளிக்கவில்லை. 2020இல் கிளவுட்ஃப்ளேர் அறிமுகப்படுத்திய டியூரபிள் ஆப்ஜெக்ட்ஸ், நிலைத்த சேமிப்பகத்தைப் பொருளோடு இணைத்து இக்குறையை நீக்கியது. ஓர் அரட்டை அறைக்கு ஒரு பொருள் எனக் கொண்டால், அனைவரும் வெளியேறியபின் அது நினைவகத்திலிருந்து இறக்கப்படும், அடுத்தவர் நுழைகையில் அதன் தொடக்கச் செயல்கூறு மீண்டும் இயங்கும். ஆகவே அச்செயல்கூறு இயங்குவதைப் பொருளின் பிறப்பாகக் கொள்ள இயலாது. மாறாக, சேமிப்பகத்தை நிரல் வெளிப்படையாகக் காலிசெய்தபின் இறக்கப்பட்டால்தான் அப்பொருள் இல்லாமற்போகிறது. எவரும் திரும்பாத அறையின் உரையாடல்களை எப்போது அழிப்பது என்பதைக் குப்பை சேகரிப்பான் அறிய வழியில்லை. அம்முடிவு நிரலாளரிடமே திரும்பியிருக்கிறது.