லாரி ஓட்டுநர்களே, காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான்!

ராசா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் செம்பனைக் குலையும் மணலும் ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் பலர் டிரிப் கணக்கைத் துல்லியமாக எழுதி வைப்பார்கள். எத்தனை டிரிப், எத்தனை டன், எவ்வளவு டீசல் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிந்தது என்று கேட்டால், "அதெல்லாம் ஜிபிஎஸ்ஸில் இருக்கும்" என்பார்கள்.

அது பாதி உண்மை. ஜிபிஎஸ் லாரி போன இடத்தைத்தான் காட்டும். நின்ற லாரியில் ஓட்டுநர் ஓய்வெடுத்தாரா, வரிசையில் காத்திருந்தாரா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பதிவு இருப்பதும் முதலாளியின் கையில்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவை ஓட்டுநர்கள் அறிந்திருக்க வேண்டும். சாதாரண வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்திற்கு 45 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். 30 நிமிடத்திற்குக் குறைந்த இடைவெளி அந்த 5 மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது. ஆகவே 20 நிமிடத் தே தாரிக், சட்டத்தின் கண்ணில் ஓய்வே அல்ல. முதலாளியின் பொறுப்பில், உங்கள் விருப்பப்படி போய்வர முடியாமல் இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காலை 5.30க்கு டயர், பிரேக் சோதனை. 6.00க்குத் தோட்டத்தில் குலை ஏற்றத் தொடக்கம். 7.30க்குப் புறப்பாடு. 8.10க்கு ஆலை வரிசை. 10.50க்கு இறக்கி முடிந்தது. ஜிபிஎஸ் காட்டும் ஓட்டம் 40 நிமிடம். ஆனால் வேலை நேரம் 5 மணி 20 நிமிடம், ஓய்வும் இல்லை. மாலை வரை இப்படியே போனால், எட்டு மணி நேரத்தைத் தாண்டியதற்கு ஒன்றரை மடங்குக் கூலி கேட்க உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கும்? டிரிப் கணக்கில் அது தெரியாது.

அமெரிக்க லாரி ஓட்டுநர்களின் பழைய காகிதப் பதிவேட்டில் நான்கு வரிகள் உண்டு: ஓய்வு, வண்டிப் படுக்கையில் தூக்கம், ஓட்டம், ஓட்டாத வேலை. நம்மவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது அந்த நான்காவது வரிதான். ஏற்றுவது, இறக்குவது, காத்திருப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதில் சேரும்.

எழுதுவதற்குத் தாள் கழலாத ஒரு சிறிய நோட்டு போதும். தேதி, லாரி எண், தொடக்க மீட்டர், முடிவு மீட்டர், ஒவ்வொரு வேலையின் நேரம், டி.ஓ. எண், எடைச்சீட்டு எண். எடைச்சீட்டில் ஆலையே நேரத்தை அச்சிட்டிருந்தால், உங்கள் குறிப்பைப் பொய் என்று சொல்வது கடினம். பேனாவால், அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து நிரப்பினால் எல்லா நாளும் 7.00 முதல் 5.00 என்று ஒரே மாதிரி இருக்கும். பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். அழிக்க வேண்டாம்.

சில இடங்களில் "ஓய்வு எடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போடு" என்பார்கள். இதற்கு மட்டும் இணங்காதீர்கள். 2025 மே 13இல் தெலுக் இந்தானில் லாரி மோதி கலகத் தடுப்புப் படையினர் 9 பேர் உயிரிழந்த பிறகு கனரக வாகனங்கள் மீதான பார்வை கடுமையாகிவிட்டது. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதமும் உண்டு. தூக்கமில்லாமல் ஓட்டியவரின் கையெழுத்திலேயே "நன்றாக ஓய்வெடுத்தேன்" என்று இருந்தால், ஓய்வே கொடுக்காத முதலாளி தப்பித்துக்கொள்வார்.

வேலையில் அடிபட்டாலும் இதே நோட்டு உதவும். அந்த நேரத்தில் வேலையில்தான் இருந்தீர்கள் என்று சொக்சோவிடம் காட்டலாம்.

வேலை நேரம், சம்பளம் பற்றிய பதிவேட்டை முதலாளி 6 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் நோட்டையும் அவ்வளவு காலம் வீட்டில் வையுங்கள், லாரியில் அல்ல. எடைச்சீட்டின் மை சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், அன்றன்றே படம் எடுத்து வீட்டார் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யப் போகும்போது நோட்டோடு சம்பளச் சீட்டையும், வேலை ஏவிய வாட்ஸ்அப் செய்திகளையும் கொண்டு செல்லுங்கள்.