‘தி ஒன் ரிங்’: பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை விளையாட்டு

‘தி ஒன் ரிங்’ என்பது ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆகிய மாயக்கதை நாவல்களைத் தழுவி உருவான மேசை விளையாட்டு. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசி, சிக்கலான இடங்களில் பகடை உருட்டி, எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். திரை கிடையாது, பந்தயப் பணம் கிடையாது, ஒருவர் வென்று மற்றவர் தோற்பதும் கிடையாது. இவ்வகை ஆட்டங்களை ஆங்கிலத்தில் ‘ரோல்பிளேயிங் கேம்’ என்பார்கள். தமிழில் வேடமேற்பு விளையாட்டு எனலாம்.

பிள்ளைகள் பல பக்கப் பகடை வேண்டும் என்று கேட்டால், இது சூதாட்டமா, பேய் பிசாசு சமாச்சாரமா என்று பெற்றோர் திகைப்பது இயல்பு. 1980-களில் அமெரிக்காவிலும் இதே அச்சம் பெரிதாக எழுந்து அடங்கியது. கோலா கங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ளவும், நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பயன்படுத்திப் பார்க்கவும் இந்தக் கட்டுரை உதவும்.

தொடக்கம்

வேடமேற்பு விளையாட்டுகளின் மூத்த அண்ணன் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் அதை வெளியிட்டனர். பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து அது பிறந்தது. ஒரு படையையே நகர்த்துவதற்குப் பதிலாக ஒரே ஒரு வீரனாக இருந்து பார்த்தால் என்ன என்ற கேள்விதான் அதன் விதை.

அதன் முதல் பதிப்பில் டோல்கீனின் ‘ஹாபிட்’ என்ற குள்ள மனிதர்களும் இருந்தார்கள். உரிமைப் பிரச்சினை வந்ததும் அந்தப் பெயர் ‘ஹாஃப்லிங்’ என்று மாற்றப்பட்டது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, பிறர் கதையை ஆட்டமாக்க அனுமதி வேண்டும் என்பது.

அனுமதி பெற்று வந்த முதல் பெரிய டோல்கீன் ஆட்டம் 1984-இல் வெளியான ‘மிடில்-எர்த் ரோல் பிளேயிங்’. அதை வெளியிட்ட அயர்ன் கிரவுன் நிறுவனம் 1999-இல் உரிமத்தை இழந்தது. ஒன்றரைப் பத்தாண்டுகளாக வளர்ந்த நூல் வரிசை அதோடு நின்றுபோனது. திரைப்படங்கள் வெளிவந்த சமயத்தில், 2002-இல், டிசைஃபர் என்ற நிறுவனம் வேறோர் ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

2011-இல் இத்தாலியரான பிரான்செஸ்கோ நெபிடெல்லோ வடிவமைத்த ‘தி ஒன் ரிங்’ வெளியானது. இப்போது புழக்கத்தில் உள்ள இரண்டாம் பதிப்பை சுவீடனின் ஃப்ரீ லீக் நிறுவனம் வெளியிட்டு வருகிறது. கதை நிகழும் காலம் ‘தி ஹாபிட்’ நாவலுக்கும் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலுக்கும் இடைப்பட்டது. அதனால் ஆடுபவர்கள் நாவலின் நாயகர்களாக நடிக்க வேண்டியதில்லை. சொந்தமாக ஆட்களைப் படைத்துக்கொள்ளலாம்.

ஆட்டம் நடப்பது எப்படி?

ஒருவர் நடத்துநர். இடத்தை வருணிப்பது, எதிரில் வரும் ஆட்களாகப் பேசுவது, என்ன ஆயிற்று என்று சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்தின் பெயர், ஊர், வலிமை, திறமை, கையில் உள்ள பொருள் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஆட்டம் இப்படித்தான் போகும்:

நடத்துநர்: “மழை விடவில்லை. ஆற்றுப் பாலம் பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் விளக்கு ஒன்று அசைகிறது. என்ன செய்கிறீர்கள்?”

முதல் ஆட்டக்காரர்: “நான் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிறேன்.”

இரண்டாம் ஆட்டக்காரர்: “நான் சத்தம் போட்டுக் கூப்பிடுறேன். யாருங்க அக்கரையில? எங்ககூட அடிபட்ட ஆளு ஒருத்தர் இருக்காரு!”

நடத்துநர்: “ஆற்றுச் சத்தத்தை மீறிக் குரல் போய்ச் சேருமா? பகடையை உருட்டுங்கள்.”

‘தி ஒன் ரிங்’ ஆட்டத்தில் ஒரு 12 பக்கப் பகடையும் சில ஆறு பக்கப் பகடைகளும் உண்டு. 12 பக்கப் பகடையில் 1 முதல் 10 வரை எண்கள். மீதி இரண்டில் ஒன்று மந்திரவாதி கேண்டால்பின் குறி; விழுந்தால் எண்ணைப் பார்க்காமலேயே வெற்றி. மற்றொன்று தீயவன் சௌரோனின் கண், அது பூச்சியம்.

எட்ட வேண்டிய இலக்கு, 20-இலிருந்து பாத்திரத்தின் தன்மையைக் கழித்தால் வரும் எண். வலிமை 5 என்றால் இலக்கு 15. அந்த வேலையில் திறமை 2 என்றால், 12 பக்கப் பகடையோடு ஆறு பக்கப் பகடை இரண்டைச் சேர்த்து உருட்டலாம். 7, 5, 4 விழுந்தால் கூட்டுத்தொகை 16. வேலை முடிந்தது.

சுமையும் மனச்சோர்வும்

இந்த ஆட்டத்தின் சிறப்பு வாள்சண்டையில் இல்லை, நடந்த களைப்பில் இருக்கிறது. நெடும்பயணம் போகும்போது குழுவினர் வழிகாட்டி, முன்னோடி வேவுகாரர், காவல் பார்ப்பவர், வேட்டையாடுபவர் என்று நான்கு வேலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சறுக்கினால் எல்லாரும் தவிப்பார்கள்.

தூக்கிய ஒவ்வொரு பொருளுக்கும் சுமை எண் உண்டு. உடலின் தாங்குசக்தி சுமையின் அளவுக்கு இறங்கிவிட்டால் ஆள் களைத்துவிட்டான் என்று பொருள். அதன்பின் ஆறு பக்கப் பகடையில் விழும் 1, 2, 3 கணக்கில் சேராது. விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் வாளியைத் தோளில் சுமந்து நடந்த தலைமுறைக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மனத்துக்கும் கணக்கு உண்டு. நம்பிக்கை ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம். பொய், பேராசை, கொடுமை ஆகியவற்றால் இருள் ஏறும். மிச்சமிருக்கும் நம்பிக்கையை அது எட்டிப் பிடித்துவிட்டால், கண் குறி விழும்போதெல்லாம் எடுத்த காரியம் தோற்கும். தவறான வழியில் வென்றாலும் அதற்கு விலை உண்டு என்பதைப் பிள்ளைகள் பாடமாகக் கேட்காமல் ஆட்டத்திலேயே உணர்கிறார்கள்.

கதையிலிருந்து ஆட்டம், ஆட்டத்திலிருந்து கதை

டோல்கீன் மட்டுமல்ல. மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகள் 1981-இல் ‘ஸ்டார்ம்பிரிங்கர்’ ஆட்டமாயின. ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 2001-இலும், ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ 2009-இலும் ஆட்டங்களாக வந்தன.

ஆறு மறுபக்கமும் ஓடியிருக்கிறது. மார்ட்டின் தொகுத்த ‘வைல்ட் கார்ட்ஸ்’ நூல்வரிசை, அவரும் நண்பர்களும் ஆடிய ஒரு வேடமேற்பு விளையாட்டிலிருந்து முளைத்தது. ஸ்டீவன் எரிக்சனின் ‘மலாசான்’ நாவல்களின் உலகமும், ஜப்பானின் ‘ரெக்கார்ட் ஆஃப் லோடஸ் வார்’ கதையும் மேசையில் ஆடி உருவானவையே. விளையாட்டாகப் பேசிய பேச்சு நூலாக மாறியிருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

பகடை நமக்குப் புதிதல்ல. தாயக்கட்டையின் இரு நீண்ட கட்டைகளிலும் நான்கு பக்கங்கள். ஒன்றில் 1-உம் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டிலும் வெறுமை விழுந்தால் 12. பாண்டவர்கள் பகடையில் நாட்டை இழந்த கதையைக் கூத்திலும் கோவில் சொற்பொழிவிலும் கேட்டவர்கள் நாம். நம்மிடம் பகடையும் உண்டு, கதையும் உண்டு. இரண்டும் ஒரே மேசையில் சேரவில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவில் அந்த முயற்சி தொடங்கிவிட்டது. எழுத்தாளர் செடெக் சியூவும் ஓவியர் முன் காவும் ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற சிறுநூல் வரிசையில் தென்கிழக்காசியாவின் ஆறு, காடு, தீவு, முதலை, ஆவி நம்பிக்கைகளை வேடமேற்பு விளையாட்டுக்குரிய களங்களாக்கினர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். 2022-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளியிட்ட ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியண்ட் சிட்டாடல்’ நூலில் 13 சாகசங்கள், பல பண்பாட்டுப் பின்னணி கொண்ட எழுத்தாளர்களால் எழுதப்பட்டன. அந்நூலை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். தமிழ்நாட்டில் ஓசூர் அருகே ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் பணிகளோடும் தொடர்புடையவர்.

உரிமை என்ற கதவு நமக்குத் திறந்தே இருக்கிறது. டோல்கீன் கதைகளின் திரைப்பட, விளையாட்டு உரிமைகளை வைத்திருந்த நிறுவனத்தை 2022-இல் சுவீடனின் எம்பிரேசர் குழுமம் விலைக்கு வாங்கியது. அந்தக் கதையைத் தொட வேண்டுமானால் அவர்களைக் கேட்க வேண்டும். விக்கிரமாதித்தன் வேதாளக் கதைக்கோ, மகாபாரதத்துக்கோ அப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. வந்தியத்தேவன் குதிரையில் ஏறிப் புறப்படும் ‘பொன்னியின் செல்வன்’, வேடமேற்பு விளையாட்டுக்கு வாகான கதை.

பேரா மண்ணிலும் களம் நிறைய உண்டு. 1877-இல் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் சில, ஹியூ லோவின் முயற்சியால் கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் ஊரில் நிற்கிறது. பத்து காஜா அருகே கெல்லி கோட்டை. 1926-இல் வில்லியம் கெல்லி ஸ்மித் இறந்ததால் பாதியில் நின்ற மாளிகை அது. அவருடைய தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோவிலின் கூரையில் துரையின் சிலையும் இருக்கிறது. வடக்கே லெங்கோங்கில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய பேரா மனிதனின் எலும்புக்கூடு கிடைத்த குகை. இவற்றைச் சுற்றிப் பெரியவர்கள் சொன்ன கதைகள் எத்தனை! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, மக்கள் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கதைகளில் பல எழுதப்படாமலேயே நின்றுவிட்டன. எழுத நேரமில்லாதவரும் மேசையில் அமர்ந்து சொல்லலாம். பேரப்பிள்ளை “அப்புறம் நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்கும்போது அந்தக் கதை அவனுக்கும் சொந்தமாகிறது.

தொடங்க விரும்புவோருக்கு

ஆங்கில விதி நூல் வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒரு நடத்துநர், மூன்று நான்கு பிள்ளைகள், தாள், பென்சில், சாதாரணப் பகடை இரண்டு போதும்.

ஆளுக்கொரு பாத்திரம் எழுதச் சொல்லுங்கள்: பெயர், நன்றாகச் செய்யும் ஒரு வேலை, ஒரு பயம், பையில் மூன்று பொருள். இரு பகடையின் கூட்டு 7-உம் அதற்கு மேலும் வந்தால் வெற்றி என்று வையுங்கள். 36 வாய்ப்பில் 21 சாதகம். கடினமான காரியத்துக்கு 9 என்று வைத்தால் சாதகம் 10 மட்டுமே. சாதாரணமாக நடக்கக்கூடியதற்குப் பகடை வேண்டாம். தோற்றால் என்ன கெடும் என்று தெரிந்த இடத்தில் மட்டும் உருட்டுங்கள்.

மூன்று பழக்கங்களைக் கடைப்பிடித்தால் நல்லது. முதலாவது, பேச்சு தமிழில் இருக்கட்டும். சொல் வராத இடத்தில் மலாயும் ஆங்கிலமும் கலந்தால் கண்டிக்காமல் தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது, யாருக்காவது பயமோ மனவருத்தமோ ஏற்பட்டால் ஆட்டத்தை உடனே நிறுத்தலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, காவல் தெய்வங்களையும் குலதெய்வங்களையும் வில்லன்களாக்க வேண்டாம். அந்தக் கதைகளைச் சேர்க்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு சிறுகதை முடியும். முடிந்ததும் நடந்ததைப் பிள்ளைகளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு அது கட்டுரைப் பயிற்சி. தாத்தா பாட்டிக்கு, தாங்கள் சொன்ன கதை முதன்முறையாகத் தாளில் ஏறிய நாள்.