ஸ்டியரிங் சக்கரம் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் 1967 மாடல் ஷெவர்லே கமேரோ கார் வாங்கியிருக்கிறான். "சார், பெரிய ஸ்டியரிங்கை எடுத்துட்டு, அடாப்டர் போட்டு சின்னதா ஒண்ணு மாட்டப் போறேன்" என்று எழுதியிருந்தான். நம் மலையில் பழைய ஜீப்பும் அம்பாசிடரும் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை உண்டு. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கழற்றப்போகும் சக்கரம் இத்தனை நாள் என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொண்டு கழற்ற வேண்டும். அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

முதல் கார்களில் ஸ்டியரிங் சக்கரமே கிடையாது. படகின் சுக்கான் போல ஒரு கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்பினார்கள். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் நகருக்கு நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வஷரோன் என்பவர் தன் பனார் காரில் வட்டமான சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளில் மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள்.

வகுப்பில் படித்த 'சக்கரமும் அச்சும்' பாடம் நினைவிருக்கிறதா? சக்கரம் பெரிதானால் கை போட வேண்டிய பலம் குறையும். 16 அங்குலச் சக்கரத்தைத் திருப்ப 10 கிலோ விசை வேண்டுமென்றால், அதே வண்டியில் 13 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 12.3 கிலோ வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் பெரிய சக்கரம் அலங்காரத்துக்கு வைத்ததல்ல, அது ஓட்டுநரின் நெம்புகோல். விற்பனைக்கு வந்த கார்களில் பவர் ஸ்டியரிங்கை முதலில் கொடுத்தது கிரைஸ்லர் நிறுவனம், 1951-இல்.

இதன் அருமை மலைக்காரர்களுக்குத்தான் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டிச் சாலையில் 36. வண்டி மெதுவாக உருளும்போதுதான் டயர் தரையோடு அதிகம் உரசி ஸ்டியரிங் கனக்கும். கொண்டை ஊசி வளைவில் அந்த நிலைதான். ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, மழையில், எதிரே பஸ் வரும்போது ஒரே இழுப்பில் திருப்ப வேண்டுமென்றால் அந்தப் பெரிய வட்டம்தான் கை கொடுத்தது.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1961-இல் வந்தது. ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். வளைவு நிறைந்த ஊருக்கு ஏற்ற குணம் அது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். 1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தது. நடுத்தர அளவு உடலில் 6.4 லிட்டர் வி-8 எஞ்சின். 'மசில் கார்' என்ற வகை பிரபலமானது இதிலிருந்துதான். மூக்கில் அவ்வளவு கனமான எஞ்சின் இருந்ததால் இவற்றின் ஸ்டியரிங் பெரியது, பல சுற்று சுற்ற வேண்டும். அதே 1964-இல் இத்தாலியில் ஜான்பியரோ மொரெட்டி என்ற பந்தய ஓட்டுநர் மோமோ நிறுவனத்தைத் தொடங்கினார். பந்தயக் காருக்கென்று அவர் செய்த ஸ்டியரிங், பிறகு சாதாரணக் கார்காரர்களின் ஆசையாகவும் ஆனது.

ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் ஸ்டியரிங் தண்டிலும் பற்களின் எண்ணிக்கையும் தடிமனும் வேறு வேறு. இங்கேதான் அடாப்டர் வருகிறது. அதன் ஒரு பக்கம் காரின் தண்டுப் பற்களில் அமரும். மறுபக்கம் புதுச் சக்கரத்தின் போல்ட் துளைகள். மோமோவுக்கு ஆறு துளைகள் 70 மி.மீ. வட்டத்தில், நார்டிக்கு ஆறு துளைகள் 74 மி.மீ. வட்டத்தில். நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனாலும் ஒன்று மற்றதில் உட்காராது. ஹாரன் இணைப்பும், வளைவு முடிந்ததும் இண்டிகேட்டரை அணைக்கும் அமைப்பும் இந்தச் சின்னத் துண்டு வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. பழைய கார்களின் ஸ்டியரிங் தண்டு நேரான இரும்புக் கம்பி. முன்னால் மோதினால் அது ஈட்டிபோல ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும். 1965-இல் ரால்ஃப் நேடர் கார்களின் ஆபத்தைப் பற்றி எழுதிய நூலில் இதையும் சொன்னார். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல்களில் மோதும்போது மடங்கி உள்வாங்கும் தண்டைக் கொண்டுவந்தது. 1968 முதல் அமெரிக்கச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைக் கேட்டது. அந்தத் தண்டுக்குள் மோதலில் முறிவதற்கென்றே பிளாஸ்டிக் முளைகள் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கமேரோ வைத்திருக்கும் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடு. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டிலும் பழைய ஸ்டியரிங்கிலும் அடையாளக் கோடு போடு. நட்டைத் தளர்த்து, ஆனால் முழுதாக எடுக்காதே; ஸ்டியரிங் திடீரென விடுபட்டால் முகத்தில் அடிக்கும். புல்லர் போட்டு இழு. சுத்தியலால் தட்டவே கூடாது. தட்டினால் அந்த முளைகள் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உயிரைக் காக்க வைத்த அமைப்பு கெட்டுப்போயிருக்கும். புது நட்டை, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு. ஹாரன், இண்டிகேட்டர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சாலையில் இறக்கு.

நம் மலைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக மூன்று வார்த்தை. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிக்குச் சின்னச் சக்கரம் வேண்டாம். ஏர்பேக் உள்ள வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். எந்த மாற்றமானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் எஸ்டேட் லாரியோ, ஜீப்போ, டாக்ஸியோ ஓட்டிய அப்பா, மாமா, தாத்தா இருந்தால் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பற்றிக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்களின் தோள்வலியும் இந்த மலையின் வரலாறுதான்.