மாதவிடாய் நிறுத்தமும் ஓமோன் அளவீடும்: ஒரு வரலாற்று நோக்கு

பெண்ணின் வாழ்வில் மாதவிடாய் நிற்கும் பருவம் நோயன்று, அஃது இயற்கையே. எனினும் அப்பருவத்தில் உடலுள் நிகழும் மாற்றத்தை எண்ணால் அளந்தறிவதற்கு மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முயலவேண்டியதாயிற்று. அவ்வரலாற்றை அறிவோமாயின் இன்றைய ஆய்வுகூட அறிக்கையின் பொருளும் தெளிவாகும்.

'மெனோபோஸ்' என்னும் பெயரைப் பிரெஞ்சு வைத்தியர் கார்தான் 1821 இல் வழங்கினார். அக்காலத்தில் தேங்கிய குருதியே துன்பங்களுக்குக் காரணமெனக் கருதி, அட்டை விட்டுக் குருதி வாங்கினோரும் உளர். 1896 இல் வியன்னாவில் குனவர் என்பார், முயலின் சூலகத்தை அகற்றி வேறிடத்தில் ஒட்டியபோது கருப்பை சுருங்காதிருக்கக் கண்டார். சூலகம் குருதிவழியே ஏதோவொன்றை அனுப்புகின்றதென்பது இதனாற் புலனாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு 1905 இல் இலண்டனில் ஸ்டார்லிங் 'ஓமோன்' எனப் பெயரிட்டார். 1929 இல் அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியில் புட்டெனான்டும் தனித்தனியே ஈஸ்திரோன் என்னும் பெண்ணோமோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர்.

சூலகத்தைத் தூண்டுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியாகும். ஏவலாள் செவிசாய்க்காவிடின் தலைவன் குரலை உயர்த்துவதுபோல, சூலகம் தளரும்போது கபச்சுரப்பியின் தூண்டல் ஓமோன் மிகுகின்றது. அறிக்கைகளில் எவ்.எஸ்.எச். எனக் குறிக்கப்பெறுவது இதுவே. இத்தகைய ஓமோன்களை முன்னர் எலிகளைக் கொண்டே மதிப்பிட்டனர். நியூயோர்க்கில் யாலோ அம்மையாரும் பேர்சனும் 1960 அளவில் வகுத்த கதிரியக்க முறையே சிறிதளவு குருதியில் ஓமோனை அளக்க வழிகாட்டியது. அதற்காக யாலோ 1977 இல் நோபல் பரிசு பெற்றார். பேர்சன் 1972 இலேயே காலமாகிவிட்டார்.

கருவி நுண்மையுற்றபோதிலும் எண் தானே பேசுவதில்லை. மாதவிடாய் முற்றாக நின்றபின் எவ்.எஸ்.எச். பெரும்பாலும் லீற்றருக்கு 30 அலகுக்கு மேற்படும். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளில் அது ஏறியும் இறங்கியும் நிற்கும். ஆதலின் 45 வயதைக் கடந்த பெண்களில் குறிகளைக் கொண்டே பருவமாற்றத்தைத் துணிதல் பொதுவாகப் போதுமென, 2015 இல் வெளிவந்த பிரித்தானிய வழிகாட்டி விதித்தது.

கருப்பை அகற்றப்பட்டோர் நிலை வேறு. சூலகங்கள் எஞ்சியிருப்பின், குருதிப்போக்கு நின்றாலும் ஓமோன் சுரப்பு நிற்பதில்லை. பன்னிரண்டு மாத இடைவெளி என்னும் வழக்கமான அடையாளமும் அவர்க்கில்லை. இரு சூலகங்களும் அகற்றப்பட்டிருப்பின் ஈஸ்திரோஜன் திடீரெனக் குறையும், அக்குறைவு எதிர்பார்க்கத்தக்கதே. அலகும் மயக்கந் தரும்: மில்லிலீற்றருக்கு 20 பிக்கோகிராம் எஸ்திரடையோல் என்பதே லீற்றருக்கு ஏறத்தாழ 73 பிக்கோமோல் ஆகும். வேறு ஆய்வுகூடத்தில் எண் பெருகிற்றென எண்ணி மகிழ்வதும் அஞ்சுவதும் வீண்.

எனவே அறிக்கையைப் படிக்குமுன் வயது யாது, அகற்றப்பட்ட உறுப்பு எது, உட்கொள்ளும் மருந்து யாது என்பன அறியப்படல் வேண்டும். 'கருப்பைச் சத்திரசிகிச்சை' என்றளவில் நின்றுவிடாது, சூலகங்கள் எஞ்சினவா என்பதைக் கேட்டறிந்து குறித்து வைத்தல் ஒவ்வொரு குடும்பத்தின் கடனாகும்.