கற்பிட்டியில் எது மிஞ்சியது?

கடவுள் சொன்ன சொல் மாறாதவர் எண்டு கோயிலுக்குள்ள இருந்து சொல்லுறது லேசு. அதையே கற்பிட்டிக் கோட்டை மதிலுக்குப் பக்கத்தில நின்று சொல்லிப் பார்த்தால் தொண்டையில் கொஞ்சம் சிக்கும். போர்த்துக்கேயரோடு வந்த இயேசு சபைத் துறவிகள் வழிபட்ட இடத்தைக் கைப்பற்றி, அங்கே ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை அது. இரண்டு பக்கமும் ஒரே வேதாகமத்தைத்தான் கையில் வச்சிருந்தது. இரண்டு பக்கமும் கடவுள் தங்களோடதான் எண்டு நம்பினது. அப்ப அந்தக் கடவுளின் உண்மைத்தன்மையை இந்த மண்ணில் எங்க தேடுறது?

இந்தக் கேள்வியோடதான் நாங்கள் கற்பிட்டிக்குப் போனோம். புத்தளத்துக்குக் கிட்ட பாலாவிச் சந்தியில் திரும்பினால் ஒரு பக்கம் களப்பு, மற்றப் பக்கம் கடல். நடுவில் நீளமாய் ஒரு மணல் நாக்கு. நுரைச்சோலை அனல் மின்நிலையப் புகைபோக்கியைத் தாண்டி, தலவிலக்குப் பிரியும் வழியைத் தாண்டி, முனைக்குப் போனால் கற்பிட்டி. கல், பிட்டி என்று பெயரைப் பிரிக்கலாம். பிட்டி எண்டா மேட்டு நிலம். கல்லைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

இந்தக் கரையின் யாத்திரை வரலாறு கிறிஸ்தவத்தோட தொடங்கேல்ல. 1344இல் இப்னு பதூதா வந்து இறங்கிய துறையைப் புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அங்கே அவர் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். என்ன வேணும் எண்டு அரசன் கேட்க, பாவா ஆதமின் பாதம் பதிந்த மலையைப் பார்க்க வேணும் என்றார் அந்த மொரோக்கோ முஸ்லிம். தமிழ் அரசனும் யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்குச் சேர்த்து அனுப்பி வைத்தான். ஒருவரின் புனித இடத்துக்கு மற்றவர் வழிகாட்டிய காலம் இந்தக் கரைக்கு இருந்திருக்கு. அதை மனசில வச்சுக்கொண்டு மேலே வாசியுங்கோ.

கோயில் முகம் வச்ச கோட்டை

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கோட்டையை முடித்தார்கள். களப்பின் வாயைப் பிடித்தால் புத்தளம் துறைக்குப் போகும் வள்ளமெல்லாம் பிடியில் இருக்கும். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் இந்தியாவோடு செய்த வியாபாரத்தின் கழுத்தும் அதில்தான் இருந்தது. போர்த்துக்கேயரை விரட்ட உதவி கேட்டவன் அவன். விரட்டினவர்களோ இடத்தைத் திருப்பிக் குடுக்கேல்ல.

கோட்டை வாசலைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். மஞ்சள் செங்கல் முகப்பு, மேலே மணிக்கூண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் கோயில் வாசல் மாதிரியே இருக்கு. வணக்க இடம் ஒன்று கட்டுகிறோம் என்று அரசனை நம்ப வைக்கத்தான் இப்படிக் கட்டினார்கள் எண்டு ஊரில் சொல்லுவார்கள். கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, இந்த மண்ணுக்கு வந்த பேரரசுகளை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: முகம் கோயில், உள்ளுக்குள்ள சிறைக்கூடமும் களஞ்சியமும்.

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது அது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. ஊருக்குள் ஒல்லாந்தர் தொடங்கி ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டிய புனித பேதுரு ஆலயமும், அதில் ஒல்லாந்தக் கல்லறைக் கற்களும் இருக்கின்றன. கல்லில் பெயர் வெட்டினவர்கள் நிலைத்திருப்போம் எண்டுதான் நினைச்சிருப்பார்கள்.

குருவானவர் இல்லாத வருடங்கள்

1658இல் போர்த்துக்கேயரின் கடைசிக் கோட்டையான யாழ்ப்பாணம் விழுந்தது. அதே வருடம் ஒல்லாந்தர் போட்ட கட்டளைப்படி, கத்தோலிக்கக் குருவுக்கு இடம் குடுத்தால் மரண தண்டனை. ஞானஸ்நானமும் கலியாணமும் ஒல்லாந்தரின் பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேணும். பதியாவிட்டால் முதுசச் சொத்துக்கே சிக்கல். ஆகவே பகலில் தோம்பில் ஒரு சமயம், இரவில் வீட்டுக்குள் இன்னொரு சமயம். இதைக் கோழைத்தனம் எண்டு இன்றைக்கு எழுதுறது எங்களுக்குச் சுலபம். காணியும் பிள்ளையின் பெயரும் ஒரே ஏட்டில் இருந்த காலத்தை நாங்கள் வாழேல்ல.

குருக்கள் போன பிறகு மந்திரங்களை மனப்பாடமாய் வைத்திருந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவர்கள் அண்ணாவிமாரும் மூப்பர்மாரும் வீட்டுப் பெண்களும்தான். திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. செபம் மட்டும் இருந்தது. இவர்களில் பெரும்பாலானோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது இந்த நிலைமைக்குள்தான். 36 வயது, ஏழைக் கூலியாளின் வேடம், கூட யுவான் என்ற ஒரு துணையாள். வந்தவுடன் நோயில் விழுந்தார். சில்லாலையை மையமாக வைத்து இரவில் வீடு வீடாகப் போனார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் கூட்டத்தைச் சுற்றி வளைத்துக் கத்தோலிக்கரைப் பிடித்த பிறகு, அவர் தெற்கே புத்தளத்துக்கு நகர வேண்டி வந்தது.

இங்கதான் வரைபடத்தைக் கவனிக்க வேணும். புத்தளம் அப்போது கண்டி அரசனுக்குச் சொந்தம். 1766 ஒப்பந்தம் வரைக்கும் அப்படித்தான். கற்பிட்டி ஒல்லாந்தருக்கு. நடுவில் இந்தக் களப்பு. இன்றைக்கு மீன்பிடி வள்ளங்கள் சாதாரணமாய்க் கடக்கிற இந்தத் தண்ணிதான் 1690இல் ஒரு எல்லை. ஒரு கரையில் குருவைக் கண்டால் பிடிப்பார்கள், மற்றக் கரையில் மூச்சு விடலாம். பௌத்த அரசன் ஒருவனின் நிலம், கிறிஸ்தவ ஆட்சியிடமிருந்து தப்பிய கிறிஸ்தவக் குருவுக்கு அடைக்கலமானது. சவுலிடமிருந்து தப்பிய தாவீதுக்குக் காத் ஊர்ப் பெலிஸ்தியன் இடம் குடுத்த கதை ஞாபகம் வருகுதா? வேதாகமத்திலும் தஞ்சம் கனதரம் எதிர்பாராத வீட்டிலிருந்துதான் வருகிறது.

அடைக்கலமும் பூப்பந்தல் இல்லை. 1692இல் கண்டிக்குப் போன வாஸைப் போர்த்துக்கேய உளவாளி எண்டு சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். 1697இல் அதே நகரத்தில் பெரியம்மை பரவியபோது, நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தவரும் செத்தவர்களை அடக்கம் செய்தவரும் அவர்தான். 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸுக்குப் பின்னால் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளைத் தமிழ் படிக்கிற பிள்ளைகள் மறக்கக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவர். வேதாகமக் கதையைத் தமிழ் உரைநடையில் சொன்ன அவருடைய தேவ அருள்வேத புராணம் ஓலையில் எழுதிப் பரவிய நூல். குருவானவர் வர முடியாத வீட்டுக்கும் ஓலை போகும். தடைக்காலம் எங்கட உரைநடைக்கு ஒரு கொடையைத் தந்துவிட்டுப் போயிருக்கு.

ஆலமரத்தடியில் தோற்றவர்கள்

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் தொடக்கத்தைப் பற்றி இரண்டு கதைகள் வழிவழியாக இருக்கின்றன. ஒன்றில், வேலை தேடிக் கொழும்புக்கு நடந்து போன ஏழைப் போர்த்துக்கேயன், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரும் வழியில் ஆலமரத்தடியில் தூங்கி அன்னம்மாளைக் கனவில் காண்கிறான். மற்றதில், கப்பல் உடைந்து கரையேறிய வணிகன் ஒருவன் ஆலமரப் பொந்தில் அன்னம்மாளின் சுரூபத்தை வைத்து, வாழ்வு திரும்பினால் கோயில் கட்டுவேன் என்று நேர்ந்துகொள்கிறான்.

வரலாற்று வகுப்பில் இதை ஆதாரம் எண்டு வச்சால் விரிவுரையாளர் சிரிப்பார். ஆனால் ஒரு சமூகம் எதை ஞாபகம் வைக்கத் தீர்மானித்தது என்பதும் ஆதாரம்தான். இரண்டு கதையிலும் தளபதி இல்லை, ஆளுநர் இல்லை. ஒருவனுக்கு வேலை கிடைக்கேல்ல, மற்றவனுக்குக் கப்பல் போச்சு. வென்றவர்களின் கோட்டைக்குப் பக்கத்திலேயே தோற்றவர்களை வைத்துத் தங்கட புனித இடத்தின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள் இந்தக் கரை மக்கள்.

ஆதியாகமத்தில் யாக்கோபுக்கும் இதேதான். அண்ணனுக்குப் பயந்து ஓடுகிறவன், கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான், ஏணியைக் கனவில் காண்கிறான். விடிய எழும்பி அந்தக் கல்லையே நட்டு எண்ணெய் ஊற்றி இடத்துக்குப் பெத்தேல் எண்டு பேர் வைக்கிறான். அவன் கடவுளைத் தேடி யாத்திரை போகேல்ல, தப்பி ஓடினான். எந்த இடத்தில் அவனுக்கு ஒண்டுமே இல்லையோ, அங்கதான் வாக்குறுதி கிடைச்சது.

ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில், 1806இல், கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. 1658இலிருந்து எண்ணினால் 148 வருடம். இப்போது தலவிலயில் நிற்கும் கோயில் 1837க்கும் 1843க்கும் இடையில் எழுந்தது. மார்ச்சிலும் ஆடித் திருவிழாவிலும் தமிழரும் சிங்களவரும் அங்கே குடும்பம் குடும்பமாய் வந்து, மரத்தடியில் அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்குவார்கள்.

முடியாத புலம்பல்

இதோட கட்டுரையை முடிச்சால் அழகாக இருக்கும்: தடை வந்தது, மக்கள் தாங்கினார்கள், கோயில் எழும்பியது, கடவுள் உண்மையுள்ளவர். ஆனால் கற்பிட்டி அவ்வளவு லேசில் விடாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட 75,000 பேர். மன்னாரிலிருந்து வந்தவர்களில் கனபேர் கடல் வழியாய் வள்ளங்களில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். ஊர்ச் சனம் சோறும் இடமும் குடுத்தது. கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை விரட்டிய கட்டளை தமிழில் வந்தது. தமிழில் செபிக்கிற நாங்கள் இந்தக் கரையில் நின்று நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் இதையும் சேர்த்துத்தான் பேச வேணும். பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்ப்பு ஞாயிறு காலையில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம். செபிக்கப் போனவர்கள் திரும்பி வரேல்ல. அதற்குப் பின், குற்றமே செய்யாத முஸ்லிம் குடும்பங்களின் வீடும் கடையும் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே தாக்கப்பட்டன.

எரேமியா இந்த இடத்தில் உதவி செய்கிறார். எருசலேம் ஆலயம் இருக்கு, எங்களுக்கு ஒண்டும் ஆகாது எண்டு நம்பியிருந்த சனத்தைப் பார்த்து, சீலோவுக்குப் போய்ப் பாருங்கோ என்கிறார். அங்கேயும் ஒரு காலம் கடவுளின் கூடாரம் இருந்தது, இப்போது பாழ் என்கிறார். அந்நியனையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டு ஆலயத்தில் நம்பிக்கை வைக்காதீர்கள் என்பதுதான் அவர் செய்தி. அந்த வகையில் கற்பிட்டிக் கோட்டை எங்கட சீலோ. கடவுள் பெயரைச் சொல்லிக் கட்டினது எல்லாம் நிற்காது.

புலம்பல் புத்தகத்தை எடுங்கோ. ஐந்து அதிகாரம். எரிந்த நகரத்தின் அழுகை. கடவுளின் இரக்கம் காலைதோறும் புதிசு என்ற நம்பிக்கை வருவது மூன்றாம் அதிகாரத்தில், சரியாக நடுவில். நாங்கள் எழுதியிருந்தால் அதைக் கடைசியில் வச்சிருப்போம். புத்தகமோ நாலாம் அதிகாரத்தில் திரும்பவும் பசியையும் சாவையும் பற்றிப் பேசி, எங்களை அடியோடு கைவிட்டுவிட்டீரா என்ற கேள்வியோட முடிகிறது. வேதாகம நம்பிக்கை துயரத்தைத் துடைச்சு விடுறதில்லை. துயரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 148 வருடத்தில் பெரும்பாலானவர்கள் விடிவைக் காணாமலேயே செத்தார்கள். ஆனாலும் மந்திரத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துவிட்டுச் செத்தார்கள். கடவுளின் உண்மைத்தன்மையை எங்கட வரலாற்றில் தேடினால், எங்களுக்குக் கிடைக்கிற தடயம் அந்தச் சொல்லிக் குடுத்தல்தான்.

படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறம், நாட்டில இருக்கிறதோ போறதோ எண்டு பேசிக்கொண்டிருக்கிற எங்கட வயசுக்காரருக்கு இது பெரிய ஆறுதலாகத் தெரியாமல் போகலாம். கடவுச்சீட்டு வரிசைக்கு முன்னால் பழைய கல்லு என்ன செய்யும்? ஆனால் யோர்தானைக் கடந்தபோது யோசுவா 12 கல்லை எடுத்து நடச் சொன்ன காரணத்தைப் பாருங்கோ. நாளைக்குப் பிள்ளைகள் இந்தக் கல்லெல்லாம் என்ன எண்டு கேட்க வேணும் என்பதற்காக. கேட்கிறவர்கள் இல்லாட்டி அது வெறும் கல்லு.

ஆகவே கற்பிட்டிக்குப் போறவங்க கோட்டை வாசலில் படம் எடுத்துவிட்டு மட்டும் வராதீங்க. களப்பைப் பாருங்கோ, எந்தக் கரை யாருக்குத் தஞ்சமாய் இருந்தது எண்டு கேளுங்கோ. தலவிலயில் மெழுகுதிரி கொளுத்தினால், 1990இல் வள்ளத்தில் வந்து இறங்கின ஒரு குடும்பத்தோடும் உட்கார்ந்து கதையுங்கோ. அவர்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லப்போற பதில் உண்மையாக இருக்கும்.