தொழில் வரி (தமிழ்நாடு)

தொழில் வரி என்பது தமிழ்நாட்டில் ஊதியம் பெறுவோரும் சுயதொழில் புரிவோரும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரையாண்டுதோறும் செலுத்தும் வரி ஆகும். அம்பத்தூரில் இதனை நகராட்சி வசூலித்து வந்தது. 2011 இல் அந்நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட பின் மாநகராட்சி வசூலிக்கிறது.

வரலாறு

இந்திய அரசியலமைப்பின் 276 ஆவது உறுப்பு இவ்வரிக்கு இடமளிக்கிறது. ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 250 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு, 1988 இல் 60 ஆவது திருத்தத்தின் மூலம் 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்பின் மாற்றப்படவில்லை.

சுயதொழில் புரிவோரின் சுமை

சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் வரி 1,250 ரூபாய். அதற்கு மேல் படிநிலை கிடையாது. எனவே மாதம் 13,000 ரூபாய் ஈட்டும் லேத் பட்டறைக்காரர் தம் வருமானத்தில் ஏறத்தாழ 1.6 விழுக்காட்டைச் செலுத்த, ஆண்டுக்கு ஒரு கோடி ஈட்டுபவர் 0.025 விழுக்காடே செலுத்துகிறார். வருமான வரி வரம்பின் அருகில்கூட வராத ஒருவர் இவ்வரியில் உச்சத்தை எட்டிவிடுவது வியப்புக்குரியது. ஊதியம் பெறுவோருக்கு நிறுவனமே பிடித்தம் செய்துவிடும்; சுயதொழில் புரிபவர் தாமே நினைவு வைத்துக் கட்டவேண்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் பட்டறைகள் சட்டப்படி சேவை வழங்குபவை. ஆதலால் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினாலே சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்யவேண்டும். பொருள் மட்டும் விற்பவருக்கு இவ்வரம்பு 40 இலட்சம். இவ்வரியைப் பட்டறைக்குத் தருவது ஆலையே எனினும், பொதுவாகப் பட்டியல் எழுதிய மாதத்தின் கணக்கிலேயே பட்டறை அதைக் கட்டிவிடவேண்டும். ஆலையின் பணம் மூன்று மாதம் கழித்து வந்தால், அதுவரை அத்தொகை பட்டறைக்காரரின் கைமுதலே.