அம்புக்குறி போட்ட உடுப்பு

இன்னைக்கு ஒரு ஓவியரைப் பத்திப் பேசலாம்.

1906 அக்டோபர் 23. லண்டன் நாடாளுமன்றத்துக்குள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுக் குரல் கொடுத்ததுக்காக பத்துப் பெண்களைக் கைது பண்றாங்க. மறுநாள் விசாரணை. அதைப் பார்க்க வந்த பெண்களை நீதிமன்றத்துக்குள்ள விடலை. 24 வயசு சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் உள்ளே போய், "ஏன் விடலை?"ன்னு நீதிபதிகிட்டயே கேட்டாங்க. வெளியே தள்ளினாங்க. வாசல்ல நின்ன கூட்டத்துகிட்ட பேச ஆரம்பிச்சதும் கைது. 14 நாள் ஹாலோவே சிறை. கல் எறியலை, கண்ணாடி உடைக்கலை. அதெல்லாம் பின்னாடி வந்த கதை.

சில்வியா அப்போதான் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல உதவித்தொகையில படிச்சு முடிச்சிருந்தாங்க. சிறையில கொடுத்த உடுப்பு முழுக்க அம்புக்குறி. அது அரசாங்கச் சொத்துல குத்துற முத்திரை. துணியில மட்டும்தானா குத்தினாங்க?

கைதானவங்கள்ல ஒருத்தர் அன் காப்டன்-சாண்டர்சன். பிரபல அரசியல்வாதி ரிச்சர்ட் காப்டனோட மகள். காப்டன் மகளையே சாதாரணக் கைதி மாதிரி நடத்துறதான்னு பத்திரிகைகள் கொதிச்சதும், எல்லாரையும் முதல் வகுப்புக்கு மாத்தினாங்க. கூலிக்காரப் பெண்கள் மட்டும் போயிருந்தா இந்தக் கொதிப்பு வந்திருக்குமான்னு தெரியலை.

முதல் வகுப்புல சொந்தப் பொருள் வெச்சுக்கலாம். சில்வியா உடனே காகிதமும் பென்சிலும் மையும் வரவழைச்சாங்க. சிறை அறை, கைதிகள், அவங்க செய்யற அன்றாட வேலைன்னு வரைஞ்சு தள்ளினாங்க. 1907 ஜனவரியில அந்தப் படங்கள் 'பால் மால்' இதழ்ல வந்தது. ஹாலோவேயோட உட்புறத்தை வெளியே இருக்கறவங்க பார்த்தாங்க.

1909-ல சிறை போய் வந்த பெண்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்தாங்க. வடிவமைச்சது சில்வியா. நாடாளுமன்றச் சின்னமான இரும்புக் கிராதி, அதுமேல ஊதா, வெள்ளை, பச்சையில அதே அம்புக்குறி. அவமானத்துக்குன்னு போட்ட முத்திரையை எடுத்து நெஞ்சுல குத்திக்கிட்டாங்க.

1907-ல ஊர் ஊராப் போய், கிரேட்லி ஹீத் சங்கிலிப் பட்டறையிலும் கிளாஸ்கோ பஞ்சாலையிலும் வேலை செஞ்ச பெண்களையும் வரைஞ்சாங்க. என்னைக் கேட்டா, அவங்களோட சிறந்த வேலை அதுதான். ஆனா கொஞ்ச வருஷத்துல தூரிகையைக் கீழே வெச்சுட்டு, கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களோட போராட்டத்துல முழுசா இறங்கிட்டாங்க. மறுபடி மறுபடி சிறை. அப்புறம் ஓவியத்தைத் தொழிலா எடுத்துக்கவே இல்லை.